பாலம்மா விட்ட பந்து

எல்லாம் வல்ல ஆண்டவருக்கும், கடலிலே போனவர்களைக் கைவிடாத கன்னித் தாயாருக்கும் முதல் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் எழும்பிய உடனேயே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையிலே வைத்துவிட்ட எங்கள் பங்குத்தந்தை அவர்களே! பிரதம அதிதியாக வந்து, கால் ஆடுகின்ற கதிரையிலே கண்ணியம் ஆடாமல் அமர்ந்திருக்கும் விளையாட்டு அலுவலர் அம்மையார் அவர்களே! எருக்கலம்பிட்டியிலிருந்து வந்து, லொறியின் பின்கதவையும் தன் பெரிய மனதையும் ஒன்றாகத் திறந்து எங்கள் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய அப்துல் றசாக் நானா அவர்களே! வலை இழுத்த களைப்போடு வந்து மணலிலே அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பெற்றும் தந்து, சப்பாத்துக் கழுவியும் தந்து, "பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்து என்னத்துக்கு" என்று ஏசியும் தந்து, கடைசியிலே கைதட்டவும் வந்திருக்கும் தாய்மார்களே! மதிலுக்கு மேலே ஏறியிருக்கும் தம்பிமாரே! அந்த மதில் போன மாதம்தான் கட்டியது, சீமெந்து இன்னும் காயவில்லை, கவனம். முன்வரிசையிலே தலையைக் குனிந்துகொண்டு இருக்கின்ற எங்கள் வெண்சங்கு விளையாட்டுக் கழகத்தின் மகளிர் அணியே! உங்கள் எல்லோருக்கும் ஓலைத்தொடுவாய் பெனடிக்ற்றின் உப்புக்காற்று ஊறிய வணக்கம்.

முப்பது வருடம் கரையிலே மீன் ஏலம் கூறியவன் நான். என் தொண்டையை உங்களுக்குத் தெரியும். இந்த ஒலிபெருக்கி நின்றாலும் நான் நிற்கமாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு நான் ஏலம் கூற வரவில்லை. என் குற்றத்தைக் கூற வந்திருக்கிறேன்.

அன்பர்களே! போன வருடம் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியிலே எங்கள் மகளிர் அணி மூன்று ஆட்டம் ஆடியது. முதலாவது ஆட்டத்திலே வாங்கியது ஏழு கோல். இரண்டாவதிலே ஒன்பது. மூன்றாவதிலே ஆறு. கூட்டிப் பாருங்கள், இருபத்திரண்டு! நாங்கள் போட்டது எத்தனை? சொல்லமாட்டேன், சபையிலே பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ்ஸிலே, சந்தையிலே, சவ அடக்கத்திலே கூட என்னைப் பிடித்துக் கேட்டார்கள், "என்ன தலைவர், உங்கட வலையில ஓட்டை பெரிசோ?" என்று. எனக்கு வெட்கம் பொறுக்கவில்லை. வெட்கம் வந்தவனுக்கு வாய் முன்னுக்கு ஓடும், புத்தி பின்னுக்கு நொண்டும்.

கழகக் கூட்டத்தைக் கூட்டினேன். தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தேன். முன்மொழிந்த கை இந்தக் கை. அடுத்த சுற்றுப்போட்டியிலே மூன்று ஆட்டத்தில் ஓர் ஆட்டமாவது வெல்லவேண்டும். வெல்லாவிட்டால் மகளிர் அணி கலைக்கப்படும். செவ்வாயும் சனியும் பின்னேரம் அவர்களுக்கு விட்டிருந்த மைதானம் ஆண்பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகும். இதுதான் தீர்மானம். எதிர்ப்பு உண்டா என்று கேட்டேன். ஏலம் கூறிய பழக்கம் விடுமா? "ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்" என்று சொல்லி மேசையிலே தட்டினேன். இருபத்திரண்டு கோலுக்கு அழாத நான், அந்த மேசைத் தட்டலை நினைத்துப் பல நாள் அழுதிருக்கிறேன் ஐயா.

ஏன் அழுதேன்? அன்றைக்குக் கூட்டம் நடந்த கழகக் கந்தோர் வாசலிலே ஒரு பிள்ளை நின்றாள். என் தங்கையின் மகள் ஜெயனி. பதினேழு வயது. எங்கள் அணியின் கோல்காப்பாளர். அந்த இருபத்திரண்டு பந்தையும் வலைக்குள்ளிருந்து குனிந்து குனிந்து எடுத்தவள் அவள்தான். வீடு, பள்ளிக்கூடம், கோயில், இந்த மூன்றையும் விட்டால் அவளுக்கென்று உலகத்திலே இருந்த ஒரே இடம் அந்த இரண்டு கோல் கம்பத்துக்கு நடுவிலே இருக்கின்ற எட்டு யார் நீள மணல். அதைத்தான் நான் மேசையிலே தட்டி ஏலம் விட்டேன். அவள் வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன், திறந்தாள். "என்ன பிள்ளை, ஏதும் சொல்லப்போறியோ?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

"இல்லை மாமா."

அவ்வளவுதான். தாய்மாமனுக்கு எதிரே மருமகள் எப்படிப் பேசுவாள்? எங்கள் ஊர் வழக்கம் என்ன? மூத்தவர் சொன்னால் இளையவர் கேட்பது. இளையவர் கண்டாலும் மூத்தவருக்குச் சொல்லாமல் இருப்பது. நல்ல வழக்கம், நான் பழிக்கவில்லை. ஆனால் அன்பர்களே, அந்த நல்ல வழக்கம்தான் எங்களுக்கு இருபத்திரண்டு கோல் போட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. விளக்குகிறேன்.

எங்கள் பின்களத்தின் நடுவிலே நின்றவள் யார்? லூசியா. இருபத்தாறு வயது, உயரமான பிள்ளை, நல்ல ஓட்டம். ஆனால் ஜெயனிக்கு அவள் என்ன முறை? சின்னம்மா! முறை மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மறைக்கல்வி படிப்பிக்கும் ஆசிரியையும் அவளேதான். இடப்பக்கம் நின்றவள் டினோஜா. அவள் யார்? ஜெயனியின் சொந்த அக்கா. வலப்பக்கம் நின்றவள் மச்சாள். முழு அணியும் ஒரே குடும்பப் படம்! கோல்காப்பாளருக்குத்தான் மைதானம் முழுவதும் தெரியும். யார் தனியே நிற்கிறாள், எவள் பின்னாலே பதுங்கி வருகிறாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள்தான் கத்தவேண்டும். சின்னம்மாவைப் பார்த்து "பின்னால போ!" என்று எப்படிக் கத்துவாள்?

நான் என் காதாலேயே கேட்டேன். போன வருடம் ஒன்பது கோல் வாங்கிய ஆட்டத்திலே வலைக்குப் பின்னாலே நின்றேன். எதிரணிப் பிள்ளை ஒருத்தி லூசியாவுக்குப் பின்னாலே தனியே ஓடி வருகிறாள். ஜெயனி கண்டுவிட்டாள். சொல்லவும் தொடங்கிவிட்டாள். என்ன சொன்னாள் தெரியுமா? "சின்னம்மா, குறை நினையாதேங்கோ, ஒருக்கால் பின்னுக்குத் திரும்பிப் பாருங்கோவன்." எவ்வளவு மரியாதை! எவ்வளவு பணிவு! அவள் "சின்னம்மா" என்கிறபோது பந்து நடுக்கோட்டிலே. "குறை நினையாதேங்கோ" என்கிறபோது கோல் பெட்டிக்குள்ளே. "பாருங்கோவன்" என்று முடிக்கிறபோது லூசியா திரும்பினாள், எங்கே பார்த்தாள்? வலைக்குள்ளே கிடந்த பந்தைப் பார்த்தாள்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன்? பிள்ளைக்குத் தைரியம் காணாது என்று நினைத்தேன். என் மடமையை என்னவென்று சொல்வது!

இனி, இன்றைய விழாவின் நாயகிக்கு வருகிறேன். பாலம்மா. எங்கே அவர்? பின்னாலே, அந்த வேப்பமரத்துக்குக் கீழே, சாப்பாட்டுப் பையைக் கையிலே பிடித்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள். முன்னுக்கு வந்து இருங்கோ அம்மா என்று மூன்று தரம் ஆள் அனுப்பிவிட்டோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்கிறார். அவருக்கு வயது முப்பத்தொன்பது. இரண்டு பிள்ளைகளின் தாய். மலையகத்திலிருந்து வந்து, எங்கள் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கின்ற பாலத்துக்கு அப்பாலே குடியேறிய குடும்பம். கணவர் அருளப்பன் கூலிவேலை. பாலம்மா தினமும் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வந்து நண்டுக் கொம்பனியிலே நண்டுச் சதை கிள்ளுகிறார், நின்ற நிலையிலே எட்டு மணித்தியாலம். வேலை முடிந்தால் எங்கள் மைதானத்து வேலிக்கு வெளியே பஸ்ஸுக்காக நிற்பார்.

மாசி மாதத்திலே ஒரு நாள் பயிற்சி நடக்கிறது. யாரோ உதைத்த பந்து வேலியைத் தாண்டி வீதிக்குப் பறக்கிறது. பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எல்லோரும் ஐயோ என்று விலகுகிறார்கள். ஒருத்தர் விலகவில்லை. ஒரு கையிலே சாப்பாட்டுப் பை, காலிலே இறப்பர்ச் செருப்பு. பந்தை நெஞ்சிலே வாங்கினார், நிலத்திலே விழவிட்டார், செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்தார். ஓங்கி ஓர் உதை! வேலிக்கு மேலாக வந்த பந்து நேரே ஜெயனியின் கைக்குள்ளே வந்து விழுந்தது. ஜெயனி ஓர் அடி கூட நகரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸிலே ஏறிப் போய்விட்டார்.

அடுத்த நாள் ஜெயனி பஸ் தரிப்பிடத்திலே போய் நின்றாள். விசாரித்தாள். அப்போதுதான் தெரிந்தது. இளமையிலே தூரத்து ஊர் ஒன்றிலே உடுப்புத் தைக்கும் கொம்பனியில் வேலை செய்தபோது, அந்தக் கொம்பனியின் மகளிர் அணிக்கு ஏழு வருடம் பின்களத்திலே நின்றவர் பாலம்மா. வருகிற பந்தை நடுவிலே மறிக்கின்ற ஆளைத்தான் எங்கள் பிள்ளைகள் ஸ்ரொப்பர் என்பார்கள். அவர் ஸ்ரொப்பர். பயிற்றுநர் றோய் ஓடி வந்து என்னிடம் கேட்டான், இவரைச் சேர்க்கட்டா என்று. நான் என்ன சொன்னேன்? சொன்னதை மறைக்கமாட்டேன். "தம்பி, ஆளில்லாமல் பேரப்பிள்ளை காணுகிற வயதுக்காரரைக் கூட்டி வாறியோ?" என்று கேட்டேன். பாலம்மா அம்மா, அந்த வார்த்தைக்கு இந்தச் சபை முன்னிலையிலே மன்னிப்புக் கேட்கிறேன். றோய் கேட்கவில்லை. சேர்த்துவிட்டான். பொடியன் செய்த பெரிய காரியம் அது.

பாலம்மா ஓடினாரா? இல்லை. பாய்ந்தாரா? இல்லை. பம்பரமாய்ச் சுழன்றாரா? அதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் பந்துக்குப் பின்னாலே ஓடுவார்கள். பாலம்மா பந்து வரப்போகிற இடத்திலே போய் முன்கூட்டியே நிற்பார், பஸ்ஸுக்கு நிற்பது போல. வலது முழங்காலிலே பழைய நோவு. துணி சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பார். கோல் விழுந்தால், யார் விட்ட பிழை என்றாலும், கையைத் தூக்கி "என் பிழை" என்பார். பிழையைச் சுமக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தபோது எங்கள் பிள்ளைகள் துணிந்து பந்துக்குக் காலை வைத்ததை நான் கண்டேன். ஆனாலும் வைகாசியிலே சுற்றுப்போட்டி தொடங்கியது, முதல் ஆட்டத்திலே பாலத்துக்கு அப்பாலிருந்து வந்த அணியிடம் மூன்று கோல் வாங்கினோம்.

மூன்று! இருபத்திரண்டுக்கு மூன்று நல்லதுதானே என்று பின்வரிசையிலே அன்ரனி சொல்கிறார். அன்ரனி, நீர் கணக்கிலே கெட்டிக்காரர். ஆனால் தீர்மானம் என்ன சொன்னது? ஒரு வெற்றி. மிச்சம் இரண்டே ஆட்டம். அன்றைக்கு றசாக் நானாவின் லொறியிலே திரும்பி வருகிறோம். நான் முன்னாலே, பிள்ளைகள் பின்னாலே. இடையிலே உள்ள யன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, அதனாலே எல்லாம் கேட்டது. பாலம்மா ஜெயனிக்குப் பக்கத்திலே போய் இருந்தார். "நீ எல்லாத்தையும் பாக்கிற. மூணு கோலும் வரும்போது உன் கண்ணு முன்னாடியே பாத்துச்சு. ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

 ஜெயனி மெல்லச் சொன்னாள், அவர்கள் எல்லோரும் தனக்கு மூத்தவர்கள், எப்படி அதட்டுவது என்று. அப்போது பாலம்மா கேட்டார்:

"நான் உனக்கு யாரு?"

"நீங்கள்... அக்கா."

"இல்ல. நான் உனக்கு அக்காவும் இல்ல, சின்னம்மாவும் இல்ல. உங்க ஊர்லயே நான் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. அது ஒரு வசதி. என்னைப் பாலான்னு கூப்புடு. நில்லுன்னா நிப்பேன், போன்னா போவேன். என்னை வச்சுப் பழகு."

கேட்டீர்களா சபையோரே? பதினைந்து வருடமாக இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்து போகின்ற ஒரு பெண். அவரை யாரும் முறை சொல்லி அழைத்ததில்லை. "நண்டுக் கொம்பனி ஆக்கள்" என்ற மூன்று சொல்லுக்குள்ளே அவரை அடக்கிவிட்டோம். நானும்தான் அடக்கினேன். நாங்கள் கொடுக்காமல் விட்ட முறையை அவர் குறையாக எண்ணவில்லை. அதையே எடுத்து எங்கள் பிள்ளைக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்.  கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்.

நன்றி. அந்தக் கிழமை பயிற்சியைப் பார்க்கவேண்டும் நீங்கள்! "பாலா, நில்!" நிற்கிறார். "பாலா, வலம்!" வலப்பக்கம் போகிறார். "பாலா, பின்னால மூன்று அடி!" எண்ணி மூன்று அடி வைக்கிறார். முதலிலே ஜெயனியின் குரல் தேங்காய்ப்பூத் துருவுகிற சத்தம் மாதிரி வந்தது. சனிக்கிழமை ஆனபோது சந்தியிலே நின்ற எனக்குக் கேட்டது. வேலியோரம் நின்ற தாய்மாருக்குப் பொறுக்குமா? இரண்டு பேர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "உங்கட மருமகள் தாய் வயசுக்காரியை நில் நட எண்டு அதட்டுறா, நீங்கள் ஒரு பெரிய மனிசன் கேக்கமாட்டியளோ?" என்றார்கள். பெயர் சொல்லமாட்டேன். ஒருவர் இரண்டாவது வரிசையிலே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிச் சிரிக்கிறார், போதும்.

பெரிய மனிசன் நான் புறப்பட்டேன். மைதானத்துக்குள்ளே நேரே நடந்து போய், "ஜெயனி! என்ன பழக்கம் இது?" என்று தொடங்கினேன். அவள் முகம் சட்டென்று வாடியது. பழைய மாதிரியே வாய் திறந்து மூடியது. அப்போது பாலம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னாலே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, அவ சொல்றதைக் கேக்கிறதுக்குத்தான் நான் வந்திருக்கேன். நீங்க கொஞ்சம் கோட்டுக்கு வெளிய நில்லுங்க."

நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்று சங்கத்துக்குத் தலைவர், இரண்டு சபையிலே உறுப்பினர், ஏலக் கரையிலே என் குரலுக்கு எதிர்க்குரல் இல்லை. அப்படிப்பட்ட நான் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே காலை எடுத்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் லூசியா. அவள்தானே பாலம்மாவுக்குப் பக்கத்திலே நின்று ஆடுகிறவள்? பயிற்சி முடிய ஜெயனியிடம் போய்ச் சொன்னாளாம், "எனக்கும் பேர் சொல்லிச் சொல்லு. இதுக்குள்ள நான் லூசியா. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில சின்னம்மா" என்று. முப்பத்தொன்பது வயதுக்காரர் கேட்கிறார் என்றால் இருபத்தாறு வயதுக்காரிக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

இரண்டாவது ஆட்டம் வந்தது. முதற்பாதியிலே எதிரணிப் பிள்ளை பின்னாலே பதுங்கி வந்தாள். மைதானம் அதிரக் கேட்டது, "லூசியா, பின்னால!" அந்தச் சத்தத்துக்கு எங்கள் அணி ஒரு கணம் விறைத்துப் போனது, ஏன், நானும் விறைத்துப் போனேன். லூசியா விறைக்கவில்லை. இரண்டு அடி பின்னால் வைத்தாள், வந்த பந்தைத் தட்டி வெளியே அனுப்பினாள். கோல் இல்லாமல் முடிந்தது அந்த ஆட்டம். எங்கள் மகளிர் அணி பிறந்த நாளிலிருந்து கோல் வாங்காமல் வெளியே வந்த முதல் ஆட்டம்! முடிந்த உடனே ஜெயனி என்ன செய்தாள்? ஓடிப் போய் லூசியாவின் கையைப் பிடித்து, "மன்னியுங்கோ சின்னம்மா" என்றாள். கோட்டுக்கு வெளியே வந்துவிட்டாளே, அதனாலே முறையும் திரும்பி வந்துவிட்டது. மரியாதை செத்துப்போகும் என்று பயந்தோமே, செத்ததா? இல்லையே.

மூன்றாவது ஆட்டம். தலைமன்னார் அணி. என் பிள்ளைகள் சமநிலை எடுத்தாலும் அணி கலையும். வென்றால்தான் வாழ்வு. சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, வீசிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள்ளே மணல். அன்று காலை ஜெயனி தன் கையுறையைக் கழுவி வேலியிலே காயப்போட்டிருந்தாள், என் தங்கை சொன்னாள். இதுதான் கடைசி எண்டால் சுத்தமாய் இருக்கட்டும் என்று சொன்னாளாம். 

இரண்டாம் பாதி நடுவிலே பாலம்மா பின்களத்திலிருந்து ஒரு பந்தை நெடுக உதைத்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. இந்த ஆட்டத்துக்கு றோய் டினோஜாவை முன்னுக்கு விட்டிருந்தான். அவள் ஓடினாள், தடுக்கினாள், விழுந்தாள், விழுகிறபோது பந்து அவளுடைய முழங்காலிலே பட்டு உள்ளே உருண்டது. அழகான கோலா? இல்லை. ஆனால் வலைக்குள்ளே விழுந்த மீனிடம் எந்த வழியாய் வந்தாய் என்று யாராவது கேட்பார்களா? ஒன்றுக்குப் பூச்சியம்!

அதற்குப் பிறகு இருபது நிமிடம் நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. தலைமன்னார்ப் பிள்ளைகள் அலை அலையாய் வந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், குறை சொல்லமாட்டேன். பாலம்மா தலையாலே தடுத்தார். தோளாலே மறித்தார். முழங்காலிலே கட்டியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது, அதைக் கட்டவும் நேரமில்லை. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். கடைசியாக ஒரு மூலை உதை, அவர்களுக்கு.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடுவதற்கு முன்னாலே பார்த்ததையும், மூடிய பிறகு நடந்ததாக றசாக் நானா சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். பந்து எழும்புகிறது. பாலம்மா அதற்குக் கீழே நிற்கிறார். ஏழு வருடமும் பிறகு இந்த மூன்று மாதமும் தலைக்கு மேலே வந்த ஒரு பந்தையும் அவர் விட்டது கிடையாது. உடம்பு எழும்பத் தொடங்கிவிட்டது. ஆனால் அவர் கடற்காற்று அறியாத மலைப்பக்கத்திலே வளர்ந்தவர். ஜெயனி சோளகத்திலே படகு பார்த்து வளர்ந்த பிள்ளை. அந்தப் பந்து காற்றிலே உள்ளுக்குத் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். பாலம்மாவின் தலை பட்டால் எங்கள் வலைக்குள்ளேயே போகும் என்றும் தெரியும். கேட்டது ஒரு குரல்:

"பாலா, விடு!"

அன்பர்களே! தன் பிள்ளையின் வயதை ஒத்த பிள்ளை சொல்கிறாள். தன் கண்ணுக்கு முன்னாலே பந்து. பிழைத்தால் எல்லாம் போச்சு. பாலம்மா என்ன செய்தார்? எழும்பிய காலை நிலத்திலே ஊன்றினார். தலையைக் குனிந்தார். விட்டார். காற்று பந்தைத் திருப்பியது, அவருடைய தலைமயிரை உரசிக்கொண்டு போனது. ஜெயனி இரண்டு கையையும் நீட்டி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மணலிலே விழுந்தாள். நடுவர் ஊதினார்.

நான் கண்ணைத் திறந்தபோது என் கை றசாக் நானாவின் கையை இறுக்கிக்கொண்டிருந்தது. "விரலை விடுங்க பெனடிக்ற், நாளைக்கு லொறி ஓட்டணும்" என்றார். கடலுக்குப் போன படகு இருட்டியும் வராமல், பிறகு தூரத்திலே ஒரு வெளிச்சம் தெரிந்தால் கரையிலே நிற்கின்ற பெண்கள் விடுவார்களே ஒரு மூச்சு, அந்த மூச்சு அன்று மைதானம் முழுவதும் கேட்டது. அப்பாடா! நானும் விட்டேன். ஆறு மாதமாக என் நெஞ்சிலே கிடந்த மேசை அன்றைக்குத்தான் இறங்கியது. பாலம்மா மட்டும் குனிந்து முழங்கால் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கிண்ணம் எங்கே என்று மதிலிலே இருந்து ஒரு தம்பி கேட்கிறார். கிண்ணம் பாலத்துக்கு அப்பாலே போய்விட்டது தம்பி. எங்களுக்குக் கிடைத்தது ஒரு தோல்வி, ஒரு சமநிலை, ஒரு வெற்றி. அரையிறுதிக்கும் போகவில்லை. பிறகேன் பாராட்டு விழா, பந்தல், பலகாரம் என்கிறீர்களா? அணி இருக்கிறது. செவ்வாயும் சனியும் இருக்கிறது. அந்த எட்டு யார் மணல் இருக்கிறது. இதற்கு மேலே எங்களுக்கு என்ன வேண்டும்?

அனுபவம் மிக்க ஒருவர் இளைய அணிக்கு என்ன கொடுக்கலாம் என்று விளையாட்டு அலுவலர் அம்மையார் காலையிலே என்னிடம் கேட்டார். ஆலோசனை கொடுக்கலாம், எங்களிடம் அது மூட்டை மூட்டையாய் இருக்கிறது. அதட்டல் கொடுக்கலாம், அதையும் நான் கொடுத்திருக்கிறேன். பாலம்மா கொடுத்தது என்ன? தன் காது! மூத்தவர் ஒருவர் காது கொடுத்தார், அதனாலே இளையவளுக்குக் குரல் வந்தது. குரல் வந்ததனாலே பின்களம் வந்தது. பின்களம் வந்ததனாலே எனக்கு இன்றைக்கு நித்திரை வருகிறது. அவருடைய தலை மறித்த பந்துகளை நீங்கள் எண்ணுங்கள். நான் அவர் விட்ட அந்த ஒரு பந்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஆகையினாலே, தலைவர் என்ற முறையிலே, நான் முன்மொழிந்த அந்தத் தீர்மானத்தை இந்தச் சபையிலே முழுவதுமாக மீளப்பெறுகிறேன். இனி வென்றாலும் தோற்றாலும் மகளிர் அணி கலையாது. மைதானம் கிழமைக்கு மூன்று நாள். பங்குத்தந்தைக்கும், அம்மையாருக்கும், றசாக் நானாவுக்கும், பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும், பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. கரை நலமாக இருக்கட்டும், கடல் அமைதியாக இருக்கட்டும், வணக்கம். ஆனால் முடிப்பதற்கு முன்னாலே வழக்கப்படி கேட்கிறேன். எதிர்ப்பு ஏதும் உண்டா? ஒருதரம்... இரண்டுதரம்...

யாரது எழும்புவது? ஜெயனியா? கையை ஏன் காட்டுகிறாய்? சபை இருக்கட்டும், பயப்படாதே. சொல்லு பிள்ளை. வாயைத் திறந்துவிட்டாய், இந்த முறை மூடாதே. சத்தமாய்ச் சொல்லு.

"மாமா, பேசினது காணும். கதிரையில இருங்கோ. பாலாவுக்குப் பஸ் வரப்போகுது. அவ கதைக்கட்டும்."

ஓம் பிள்ளை. இந்தா, இருந்துவிட்டேன்.